கிணற்றுத் தண்ணீரில் துரு: மணல் வடி அடைபடுது, என்ன செய்யலாம்?

இடம் மட்டக்களப்புத் திருப்பெருந்துறை, வாவிப் பக்கம். 14 அடிக் கிணறு, கொங்கிரீட் வளையம், அரை எச்பி மோட்டர், மேலே 500 லீட்டர் தாங்கி. மாரி முடிஞ்ச தையிலிருந்துதான் இந்தப் பிரச்சினை.

அள்ளும்போது தண்ணீர் தெளிவு. வாளியில் வைத்தால் விடிய அடியில் துருப்பொடி. மேலே எண்ணெய் மாதிரி ஆடை. ஈர்க்கால் தொட்டால் துண்டு துண்டாக உடையுது, திரும்பச் சேருதில்லை. எண்ணெய் என்றால் சேரும். ஆகவே இது இரும்பும் இரும்பு பக்டீரியாவும்தான். உப்புச் சுவை இல்லை.

இறைச்சுச் சேறு எடுத்தாச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் சிவக்குது: கரைஞ்ச இரும்பை அது துருவாக்குமே தவிர வெளியே எடுக்காது. பிறகு காற்றுப்பட்டு இரும்பு துருவாகட்டும் என்று துளையிட்ட பிவிசி பைப்பால் தண்ணீரைத் தூறலாக விழவிட்டு, கீழே நீலப் பரலில் சல்லி, கரி, ஆற்றுமணல். முதலில் நல்லாத்தான் வந்தது. இப்போது மணலின் மேல் ஒரு அங்குலம் செங்களி அடைச்சு, நூலாக ஒழுகுது. சுரண்டினால் ஓரிரு நாள் தாங்கும். கார்ட்ரிட்ஜ் பில்டர் பற்றிச் சொல்ல வேண்டாம், இந்தத் துருவுக்கு அது கெதியா அடைபடும்.

சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் இருக்கு. இது குளிக்க, உடுப்புத் தோய்க்க, மா, பலாவுக்கு. ஒழுங்கையில் தமிழ், முஸ்லிம், பறங்கியர் வீடு எல்லாத்திலும் இதே கதை, மேட்டுக் கிணறு ஒன்றைத் தவிர.

தூறலுக்கும் மணலுக்கும் நடுவில் துரு படியத் தனித் தாங்கி வைத்திருப்பவர்கள், தண்ணீரை எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கிறீர்கள்?