அமேசான் லில்லி இலை மட்டும்தான் தள்ளுது, 2 வருசமா பூவே இல்லை, ஆராவது சொல்லுங்கோ

கொக்குவில்காரி:
வணக்கம். கண்டியில இருக்கிற சித்தி 2 வருசத்துக்கு முதல் 3 கிழங்கு தந்துவிட்டவா. பாக்க வெங்காயம் மாதிரியே இருந்துது, அம்மா பையைத் திறந்திட்டு குசினிக் கூடைக்குள்ள போட்டிட்டா, நல்லகாலம் வெட்ட முதல் கண்டிட்டன். விறாந்தையில வடக்கு மூலையில வச்சிருக்கிறன், நேர் வெயில் படாது, ஆனா பகலில பேப்பர் வாசிக்கலாம். இலை கரும்பச்சையா தளதளவெண்டு வருது, பூ மட்டும் இல்லை. நாள் தவறாம விடிய தண்ணி ஊத்துறன். வெயில் காணாதெண்டு அம்மா சொல்ல, போன கிழமை முத்தத்தில 2 நாள் வச்சன், இப்ப இலையில வெளிறின திட்டு விழுந்து காய்ஞ்சு போச்சு. என்ன செய்யிறது?

பூச்சாடி அண்ணை:
உது பீஸ் லில்லி தானே தங்கச்சி, உதுக்கு ஈரம் விருப்பம்.

நல்லூர் மாமி:
இல்லை தம்பி, பீஸ் லில்லிக்கு வெங்காயம் மாதிரிக் கிழங்கு இல்லை. இலை ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், நானும் ஒருக்கா ஏமாந்தனான். இது யூக்காரிஸ், அமேசான் லில்லியின்ர மற்றப் பேர், கொலம்பியா, பெரு பக்கம் மழைக்காட்டில பெரிய மரங்களுக்குக் கீழ நிக்கிறது, அதால நிழலும் சூடும் விருப்பம், யாழ்ப்பாண மத்தியான வெயில் சரிவராது. பிள்ளை, கருகின இலையை அடியோட வெட்டாதையுங்கோ, பச்சை இருக்கிற மட்டும் கிழங்குக்குச் சாப்பாடு போகும். சாடி என்ன அளவு? எப்ப மாத்தினனீங்கள்?

கொக்குவில்காரி:
ஓம் மாமி, கிழங்குதான். ஒவ்வொரு தை மாதமும் பெரிய சாடிக்கு மாத்திறனான், குட்டிக் கிழங்கு வந்தா பிரிச்சு வச்சிடுவன், இப்ப 3 சாடி. இன்னொண்டு, சாடி விளிம்பெல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரிக் கிடக்கு, பங்கசோ?

நல்லூர் மாமி:
அப்ப விளங்குது. இது நெருக்கமா நிண்டாத்தான் பூக்கும், நீங்கள் வருசாவருசம் கிண்டிப் பிரிச்சா அது வேர் விடுறதிலயே காலத்தைக் கழிச்சிடும். இனி 3, 4 வருசத்துக்குத் தொடாதையுங்கோ. மற்றது, நெடுக ஈரத்தில வச்சா இலைதான் தள்ளும், ஒருக்கா காயவிட வேணும். 3, 4 கிழமை தண்ணியைக் குறைச்சு, இலை லேசாத் துவளத் தொடங்கேக்க திருப்பி வடிவா ஊத்துங்கோ. முழு இலையும் விழுற அளவுக்கு விடப்படாது, இது இலை உதிர்த்து நித்திரை கொள்ளுற சாதி இல்லை. ஆனா இப்பவே வேண்டாம், வெயிலில பட்ட காயம் ஆறி ஒரு புது இலை வரட்டும்.

கோண்டாவில் தோட்டக்காரன்:
வெள்ளை பங்கஸ் இல்லை, எங்கட கிணத்துத் தண்ணிதான். கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுத்தானே, கேத்திலுக்குள்ள பிடிக்கிற அதே சாமான். நெடுக ஊத்த ஊத்த மண்ணில ஏறி, செடிக்கு இரும்புச் சத்து எடுக்க ஏலாமப் போகும், நரம்பு பச்சையா நிக்க இடையில மஞ்சளாகும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒரு பரலை வச்சுப் பிடிச்சு வையுங்கோ. தும்புத்தூள் கலக்கிறதெண்டா 2, 3 தரம் கழுவிப்போட்டுக் கலவுங்கோ, சிலதில உப்பு கிடக்கும்.

பூச்சாடி அண்ணை:
சரி பிழை விட்டிட்டன். யூரியா கொஞ்சம் போட்டா பூக்காதோ?

நல்லூர் மாமி:
ஐயோ வேண்டாம், யூரியா இலையைத்தான் கூட்டும். மக்கின மாட்டெரு ஒரு கைபிடி காணும். இலைக்காம்பு கிழங்கோட சேருற இடத்தையும் விரிச்சுப் பாருங்கோ, பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி அதுக்குள்ளதான் ஒளிச்சிருக்கும், ஈரத் துணியால துடைச்சா போகும். இன்னொண்டு, கிழங்கு நஞ்சு, திண்டா சத்தி எடுக்கும், ஆடு நிக்கிற வீடெண்டா கவனம். குசினிக் கூடைக் கதையைக் கேட்டு எனக்கு நெஞ்சு திக்கெண்டது.

கொக்குவில்காரி:
3 மாதம் கழிச்சு வாறன். புது இலை வந்தாப்பிறகு பயத்தில ஒரு சாடியை மட்டும் காயவிட்டனான், 24ஆம் நாள் இலை தலையைத் தொங்கப் போட்டுது, பாக்கப் பாவமாக் கிடந்தது, ஊத்தின அடுத்த நாள் நிமிர்ந்திட்டுது. முந்தநாள் பாத்தா இலைக்கு நடுவில மொத்தமா ஒரு பச்சைத் தண்டு, இலையெண்டு நினைச்சன், இண்டைக்கு நுனி பிரிஞ்சு 5 மொட்டு! ஒண்டு விரிஞ்சு கீழ பாத்துக்கொண்டு நிக்குது, வெள்ளை, நடுவில கிண்ணம் மாதிரி, அதில பச்சைக் கரை, விறாந்தை முழுக்க வாசம். மற்ற ரெண்டு சாடிக்கும் இண்டையில இருந்து தண்ணி இல்லை. அம்மா அயலுக்கெல்லாம் தான் வெயிலில வைக்கச் சொன்னதாலதான் பூத்ததெண்டு சொல்லித் திரியிறா.