விடியற்காலையில் அணையும் சோலார் விளக்கு: பேட்டரியைக் கூட்டுவதா, பேனலைக் கூட்டுவதா?

காங்கேயத்தான்:
எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) மின்கம்பி வந்து சேரவில்லை என்பதால், மூன்று ஆண்டுகளாகச் சூரிய மின்சாரத்தை மட்டுமே நம்பிக் குடியிருக்கிறோம். 335 வாட் பேனல்கள் இரண்டு, 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய அமில பேட்டரிகள் இரண்டு (தொடராக இணைத்து 24 வோல்ட்), பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர், ஓர் இன்வெர்ட்டர் ஆகியவை இருக்கின்றன. சாளையின் மேல் தென்னை நிழல் விழுவதால் பேனல்களை மாட்டுக் கட்டுத்தறிக் கூரையில் வைத்து, 20 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்திருக்கிறோம். 9 வாட் விளக்குகள் ஐந்து, 30 வாட் மின்விசிறிகள் மூன்று, ஒரு டிவி, நாளுக்கு ஒரு யூனிட் இழுக்கும் பிரிட்ஜ் என மொத்தம் 2.3 யூனிட் அளவுக்குச் செலவாகிறது. சென்ற ஆண்டு பிரிட்ஜ் வாங்கும்வரை குறையேதும் இல்லை. இப்போது விடியற்காலை நான்கு மணிக்கே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடுகிறது. இன்னும் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். சேர்க்கலாமா?

பெருந்துறை மின்பணியாளர்:
வேண்டாம் ஐயா. உங்கள் பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவு 3.6 யூனிட். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை விசிறி, விளக்கு, டிவி, பாதி நேர பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 1.7 யூனிட் அளவுக்குத்தான் வருகின்றன. இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தாலும் பாதிக்குச் சற்று மேலே. நிறைந்த பேட்டரியாக இருந்தால் விடியும்வரை தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை என்றால், மாலையில் அது நிறையவே இல்லை என்றுதான் பொருள்.

காரணம் பேனல் பக்கம் இருக்கிறது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துவிடும் என்பதால், 670 வாட் என்று நீங்கள் வாங்கியது நடப்பில் 18 ஆம்பியர், 27 வோல்ட், அதாவது 480 வாட்தான். ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு 2.4 யூனிட், பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் கழிவது போக 1.8 யூனிட் கைக்கு வந்தால் அதிகம். வரவு 1.8, செலவு 2.3. டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமாவது கிடைக்க வேண்டும். உங்களுக்கு அது 15 ஆம்பியர். நான்கு பேட்டரிகளை இரு வரிசையாக்கினால் 30 ஆம்பியர் வேண்டும், பேனலோ உச்சி வெயிலிலேயே 18ஐத் தாண்டாது. இரண்டு மாட்டுக்குப் போதாத தீவனத்தில் நான்கைக் கட்டுவது போலத்தான் ஆகும். அரைகுறையாக நிறைந்து கிடக்கும் தட்டுகளில் சல்பேட் படிந்து, புதியவையும் பழையவற்றோடு சேர்ந்து கெடும்.

மாலை ஐந்து மணிக்கு ஹைட்ரோமீட்டர் வைத்துப் பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைப் பாருங்கள். 1.240ஐ ஒட்டி இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, நான் சொன்னது தவறு.

உடுமலைக்காரர்:
கம்பியை யாரும் கவனிக்கவில்லை. போக வர 40 மீட்டர் என்றால் 18 ஆம்பியரில் மூன்று வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைகிறது. காலையில் இது உறைக்காது. பிற்பகலில் பேட்டரி 28.8 வோல்ட்டை நெருங்கும்போது பேனல் 32 வோல்ட் தர வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் 65 டிகிரிக்குச் சூடேறிய பேனல் தன் முழுத் திறனைத் தரும் வோல்டேஜே அவ்வளவுதான். நிறைய வேண்டிய நேரத்தில் மின்னோட்டம் சரிந்துவிடுகிறது. பேனலின் வோல்டேஜை இழுத்துவிடாமல் அதன் முழுத் திறனையும் பேட்டரிக்கேற்ற வோல்டேஜாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கி இரு பேனல்களையும் தொடராக இணைத்தால், கம்பியில் ஓடும் ஆம்பியர் பாதியாகும், இழப்பு கால்பங்காகும். கம்பியை மாற்றவே வேண்டாம்.

தாளவாடி மலைக்காரர்:
மேகமூட்டம் மிகுந்த எங்கள் பக்கத்தில் நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறிவிட்டேன். அரைகுறையாக நிறைந்தாலும் அது கெடுவதில்லை, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் ஈயப் பேட்டரிக்கான ஈக்வலைஸ் அமைப்பை (அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் செய்வதை)க் கன்ட்ரோலரில் கட்டாயம் நிறுத்த வேண்டும். வரவு குறைவாக இருந்தால் லித்தியமும் நான்கு மணிக்கு அணையத்தான் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்தான்:
அளந்து பார்த்தேன். மாலை ஐந்து மணிக்கு அடர்த்தி 1.190. நண்பகலில் பேனல் முனையில் 30.6 வோல்ட், கன்ட்ரோலர் முனையில் 27.2. பேனலைக் கூட்டலாம் என்று முடிவு செய்து விசாரித்தால், 335 வாட் பேனல் இப்போது கிடைப்பதில்லை, 540 வாட்தான் இருக்கிறது என்கிறார்கள். பழையதோடு அதைச் சேர்க்கலாமா?

பெருந்துறை மின்பணியாளர்:
ஒரே தொடரில் சேர்க்காதீர்கள். 13 ஆம்பியர் தரும் புதிய பேனல், 9 ஆம்பியர் தரும் பழையதன் அளவுக்கு அடங்கிவிடும். புதியவை இரண்டைத் தனித் தொடராகவும் பழையவை இரண்டைத் தனித் தொடராகவும் அமைத்துப் பக்க இணைப்பில் (பேரலலாக) கொடுத்தால், 82 வோல்ட்டுக்கும் 75 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டால் சிறிதளவே வீணாகும். உடுமலைக்காரர் சொன்ன எம்பிபிடி கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். 100 வோல்ட் கன்ட்ரோலர் விலை மலிவுதான், ஆனால் புதிய பேனல்கள் இரண்டின் திறந்த முனை வோல்டேஜே (மின்னோட்டம் இழுக்காதபோது உள்ள வோல்டேஜ்) 99. மார்கழிக் குளிரில் விடிந்ததும் அது நூறைத் தாண்டிக் கன்ட்ரோலர் புகைந்துவிடும். சார்ஜ் மின்னோட்டத்தை 30 ஆம்பியருக்கு மேல் போகாதபடி அமைத்துவிட்டால் பேட்டரி சூடாகாது. நான்கு பேனல்களும் சேர்ந்து 1750 வாட் என்பது வெயில் நாளில் மிகுதிதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் ஓடும் நாள்களிலும் ஐப்பசி அடைமழையிலும் அது மிகுதியாகத் தோன்றாது.

பேட்டரிகளை உடனே தள்ளிவிட வேண்டாம். மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய், 15 ஆம்பியரில் தொடங்கி முழுவதும் நிறையும்வரை விட்டு, பேட்டரியின் ஒவ்வோர் அறையின் (செல்லின்) அடர்த்தியையும் தனித்தனியே குறித்து இங்கே எழுதுங்கள். ஏதேனும் ஓர் அறை மட்டும் ஏறாமல் நின்றால், அந்தப் பேட்டரியை மாற்றுவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.