மணிலா அட்டையில் ஒரு வரி: மூளையின் நியூரானும் கணினியின் நியூரானும் ஒன்றா?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மணிலா அட்டையின் இடப்பக்கத்தில் களிமண்ணால் ஒரு நரம்பணுவை, அதாவது நியூரானைச் செய்து ஒட்டியிருக்கிறாள். மரக்கிளைபோல் விரியும் டென்ட்ரைட்டுகள், நடுவில் உடல், நீண்ட வால்போல் ஆக்ஸான் எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. வலப்பக்கத்தில் வட்டங்களும் கோடுகளுமாகக் கணினி கற்றுக்கொள்ளப் பயன்படும் நரம்பு வலையை வரைந்திருக்கிறாள். நடுவே சிவப்பு மையில் இப்படி எழுதியிருக்கிறாள்: "மூளையில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒரே நியூரான்தான்."

இந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், "பெரியவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள், விட்டுவிடுங்கள்" என்கிறார். பதினொரு வயதில் மனத்தில் படிவதைப் பிறகு அழிப்பது கடினம் என்பது என் அனுபவம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வரி இருக்கலாமா, கூடாதா?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

டீச்சர், அந்த வரி இருக்கட்டும். அந்தச் சிறுமி சொன்னது வரலாற்றின்படி சரி.

1943ஆம் ஆண்டில் வாரன் மெக்கல்லக் என்ற நரம்பியல் அறிஞரும் வால்ட்டர் பிட்ஸ் என்ற இளைஞரும் நரம்பணுவைக் கணிதமாக எழுதினார்கள். வரும் சைகைகளைக் கூட்டு. கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் "ஆம்" என்று சொல், தாண்டாவிட்டால் அமைதியாக இரு. இவ்வளவுதான். 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் இதற்குக் கற்கும் திறனையும் சேர்த்தார். அவர் கட்டிய பெர்செப்ட்ரான் இயந்திரத்தில் 400 ஒளி உணரிகள் இருந்தன. ஒவ்வோர் இணைப்பின் வலிமையையும் சிறு மோட்டார்கள் குமிழைத் திருகித் திருகி மாற்றின. அந்தக் குமிழ்தான் இன்று நாம் "எடை" என்று அழைக்கும் எண்.

அதைவிட எனக்குப் பிடித்தது பூனையின் கதை. டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் நரம்பணுவின் துடிப்பைப் பதியும் நுண்முனையைச் செருகிவிட்டு, திரையில் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நரம்பணு அசையவே இல்லை. கண்ணாடித் தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் மெல்லிய கோடாகத் திரையில் நகர்ந்தது. உடனே நரம்பணு படபடவென்று துடித்தது. அதற்கு வேண்டியிருந்தது புள்ளி அல்ல, ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோடு. 1959இல் அதை வெளியிட்டார்கள். 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூனையைப் பின்பற்றித்தான் 1980இல் குனிஹிக்கோ ஃபுகுஷிமா தம் பல அடுக்கு வலையை அமைத்தார். பிறகு யான் லெகுன் கையெழுத்து எண்களைப் படிக்கும் வலையைச் செய்தார். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மின்னணுச் சில்லின் பொன்கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் கேமராவிலும் அதே வழியில் வந்த வலைதான் இருக்கிறது.

பனையோலையில் எழுதினாலும் கண்ணாடித்திரையில் எழுதினாலும் "அ" என்பது "அ"தான். பொருள் வேறு, எழுத்து ஒன்று.

பட்டர்வொர்த் இயன்மருத்துவர்:

பொறியாளர் ஐயா, உங்கள் உவமையையே எடுத்துக்கொள்கிறேன். பனையோலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கவில்லை. வைத்தால் ஓலை கிழியும். அதனால் சுவடியில் க எது, க் எது என்று படிப்பவர்தான் இடம் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும். எழுதப்படும் பொருள் எழுத்தையே மாற்றியிருக்கிறது. மூளையும் அப்படித்தான்.

நரம்பணு ஓர் உயிர். ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றவே அது ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. தூண்டல் எல்லையைத் தாண்டியதும் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்துப் பொட்டாசியம் வெளியே போகிறது. ஒரு துடிப்பு, ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. இதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கியது, நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்குகிறோமே, அந்தக் கணவாய் இனத்தின் பருத்த ஆக்ஸானைக் கொண்டுதான். துடிப்பு முனைக்கு வந்ததும் இரண்டு அணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் சிறு பைகள் திறந்து வேதிப்பொருள் கசிகிறது. 20 நானோமீட்டர் அளவே உள்ள இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவைத் தொடுகிறது. சில தூண்டும், சில அடக்கும். இதில் எங்கே ஐயா பெருக்கலும் கூட்டலும்?

2021இல் ஜெரூசலம் ஆய்வாளர்கள் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியின் ஒரே ஒரு நரம்பணுவின் விரிவான கணினி மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் நடத்தையை அப்படியே காட்டச் செயற்கை வலை எத்தனை அடுக்கு வேண்டும் என்று பார்த்தார்கள். ஐந்திலிருந்து எட்டு அடுக்குகள் தேவைப்பட்டன. ஓர் அணுவுக்கே ஒரு முழு வலை! அட்டையில் அந்தச் சிறுமி ஒரு களிமண் உருவத்துக்கு எதிரே ஒரு வட்டத்தை வைத்தால் போதாது, வலப்பக்கம் முழுவதையும் வைக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

சகோதரி, புள்ளி பற்றிச் சொன்னது நல்ல அடி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேதிப்பொருள் எதுவாக இருந்தாலும், கற்றல் என்பது இணைப்பின் வலிமை மாறுவதுதானே? 1949இல் டொனால்டு ஹெப் அதைத்தான் கருதுகோளாக வைத்தார். 1973இல் பிளிஸ்ஸும் லோமோவும் முயலின் ஹிப்போகேம்பஸ் என்ற, நினைவுக்குரிய மூளைப்பகுதியில் அதைக் கண்ணால் கண்டார்கள்: வேகமாகத் தூண்டப்பட்ட இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தது. எடை மாறுகிறது, அறிவு பதிகிறது. அங்கும் அதே, இங்கும் அதே.

இன்னொன்று. 2012இல் அலெக்ஸ்நெட் என்ற வலைக்குப் பன்னிரண்டு இலட்சம் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். முதல் அடுக்கில் என்ன தேடவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பழகி முடித்தபின் பார்த்தால், அந்த அடுக்கில் சாய்ந்த கோடுகளையும் விளிம்புகளையும் தேடும் வடிகட்டிகள் தாமாகவே உருவாகியிருந்தன. ஹியூபல் பூனையிடம் கண்டதேதான்! வேறு வேறு பொருளில் கட்டிய இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்றால் அதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கோலாலம்பூர் ஆய்வு மாணவி:

அண்ணன் சொன்ன விளிம்பு வடிகட்டி உண்மைதான். நரம்பணுவின் வடிவத்தைவிட, அது எப்படிக் கற்கிறது என்பதில்தான் பிரிவு இருக்கிறது என்பது என் வாதம்.

இயந்திர வலை தவறு செய்தால், கடைசி அடுக்கில் தெரியும் பிழையைக் கணக்கிட்டு, வந்த வழியே அடுக்கடுக்காகப் பின்னோக்கிக் கொண்டுபோய், ஒவ்வோர் எடையும் அந்தப் பிழைக்கு எவ்வளவு காரணம் என்று பார்த்துத் திருத்துகிறார்கள். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த முறை பரவியது. இன்றைய மொழி மாதிரிகள் வரை எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. மூளையிலோ ஆக்ஸானில் செய்தி ஒரு திசையில்தான் போகிறது. போன அதே வழியில், அதே வலிமையோடு, பிழையைத் திருப்பி அனுப்பும் தபால்காரர் யார்? டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1989இலேயே இதைச் சுட்டிக்காட்டி, மூளை இப்படிச் செய்ய வாய்ப்பில்லை என்று எழுதினார்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். திரும்பும் பாதையின் எடைகள் தாறுமாறாக இருந்தாலும் வலை கற்றுக்கொள்கிறது என்று 2016இல் லில்லிகிராப் குழு காட்டியது. 1997இல் ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் மூவரும் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களை ஆராய்ந்து எழுதியதும் வியப்பானது. எதிர்பாராத பழச்சாறு கிடைத்தால் அவை துடிக்கின்றன. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால், கிடைத்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் அடங்குகின்றன. கணினியில் வெகுமதியால் கற்பிக்கும் ஒரு சூத்திரத்தோடு அது அப்படியே பொருந்தியது. ஆகவே உறவே இல்லை என்று சொல்லமாட்டேன், அக்கா.

ஆனால் "ஒரே நியூரான்தான்" என்பது மிகை. மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவுக்கு மொத்தம் 302 நரம்பணுக்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. எல்லாக் கம்பியும் தெரிந்தும், அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுமையாகக் கணித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. நமக்கு இருப்பதோ ஏறத்தாழ 86 பில்லியன்.

பட்டர்வொர்த் இயன்மருத்துவர்:

தங்கை சொன்னதற்கு நன்றி. நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ரொட்டி சானாய், அதாவது வீசிச் சுடும் பரோட்டா, போடும் ஒருவர் வந்தார். பக்கவாதம், வலக்கை விழுந்துவிட்டது. முதல் வாரங்களில் விரல்கள் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தன. மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பாவின் மூளையில் பதிந்திருந்தது அழிந்துவிட்டதுதானே? கணினியில் அழிந்த கோப்பைப் போலத்தானே? இனிப் பயிற்சி எதற்கு?" அந்தப் பெண் படித்தவள். எங்கோ கேட்ட அந்த உவமையை நம்பி வீட்டில் பயிற்சியை நிறுத்தியும்விட்டாள். பன்னிரண்டு நாள். தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் பொன்னானது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

இறந்த நரம்பணு திரும்பாது, உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் அணுக்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள முடியும். 1996இல் ராண்டால்ஃப் நூடோவின் குழு குரங்குகளிடம் அதைக் காட்டியது. பாதிப்புக்குப் பிறகு கைப்பயிற்சி கொடுத்தபோது, கைக்குரிய எஞ்சிய மூளைப்பகுதி சுருங்காமல் தப்பியது. சிலவற்றில் அக்கம்பக்கத்துக்கும் பரவியது.

அவருக்கு மாவைக் கொடுக்கவில்லை. ஈரத்துண்டைக் கொடுத்தேன். ரொட்டி வீசப் பழகுகிறவர்கள் முதலில் துண்டில்தான் பழகுவார்கள் என்று அவரே சொன்னார். பதினைந்து வயதில் அவர் கற்றதும் அப்படித்தானாம். இடக்கையால் வலக்கையைப் பிடித்துத் துண்டின் ஓரத்தைக் கிள்ளுவார், தூக்குவார், அது நழுவி மேசையில் சொத்தென்று விழும். மறுபடியும். நாளுக்கு 100 முறை. நான்காம் மாதம் ஒரு காலை, துண்டு காற்றில் ஒரு முறை சுழன்று விரிந்து விழுந்தது. அவர் அழுதார். நானும்தான்.

"எடை மாறியது" என்று நீங்கள் சொல்வீர்கள், ஐயா. ஆனால் அந்த மாற்றம் பிழையைக் கணக்கிட்டு மட்டும் வந்ததன்று. அவருடைய விருப்பம், உறக்கம், சாப்பாடு, மகள் பக்கத்தில் நின்றது எல்லாம் அதில் இருந்தன. மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான். உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தின்கிறது. பசித்த உடம்போடு பயிற்சி செய்யவைக்க முடியாது. "ஒரே நியூரான்தான்" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை அவள் தந்தை படுக்கையில் கிடக்கும்போது அவளும் கோப்பு அழிந்துவிட்டது என்று நினைப்பாள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் உற்பத்தி வரிசையில் நடந்ததைச் சொல்கிறேன். மேலே இருந்த விளக்கு பழுதாகி, வேறு நிற விளக்கை மாட்டினார்கள். மறுநாள் காலை கேமரா நல்ல சில்லுகளையெல்லாம் கெட்டவை என்று ஒதுக்கிக் குவித்திருந்தது. அந்த வரிசையில் 22 ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்துவரும் ஓர் அக்கா இருக்கிறார். அதே விளக்கின் கீழ் உட்கார்ந்து, "இவற்றில் குறையில்லையே" என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். விளக்கு மாறியதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

அடுத்ததுதான் மோசம். புதிய சில்லுவகை வந்தபோது அதன் படங்களை மட்டும் கொடுத்து வலையைப் பழக்கினேன். புதியதில் தேறியது, பழைய வகையின் குறைகளை மறந்துவிட்டது. 1989இலேயே மெக்ளாஸ்கியும் கோஹனும் இந்த மறதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். தெரிந்திருந்தும் அவசரத்தில் செய்தேன். இப்போது பழைய படங்களையும் கலந்துதான் பழக்குகிறோம். அந்த அக்கா புதிய வகையைக் கற்றதற்காகப் பழையதை மறக்கவில்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். இத்தகைய வலைகளைப் பழக்கப் பயன்படும் என்விடியாவின் எச்100 கணிப்பலகை ஒன்றே 700 வாட் வரை இழுக்கும். மனித மூளை ஏறத்தாழ 20 வாட்டில் ஓடுகிறது.

"ஒரே" என்ற சொல்லை விட்டுவிடுகிறேன், சகோதரி. நோயாளியின் மகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் உறவை மறைக்கக்கூடாது என்பதில் மாறமாட்டேன். மூளையைப் பார்த்துப் பிறந்தது என்று சொல்லாமல் கணினி வலையைக் கற்பித்தால், தாய்வீட்டைச் சொல்லாமல் பெண்ணை அறிமுகப்படுத்துவது போலாகும்.

கோலாலம்பூர் ஆய்வு மாணவி:

அண்ணன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். அந்த அக்காவின் மூளை பழையதை மறக்காமல் புதியதைக் கற்பது எப்படி என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஹிப்போகேம்பஸ் புதியதை விரைவாகப் பிடித்துவைத்து, உறக்கத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்ட, புறணி மெதுவாகப் பழையதோடு சேர்த்து அடுக்கிக்கொள்கிறது என்பார்கள். நீங்கள் பழைய படங்களைக் கலந்து பழக்குவதும் அதற்கு நெருங்கிய வழிதான். ஆகவே அங்கேயும் மூளையிடமிருந்து கற்றிருக்கிறோம்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

மூவருக்கும் நன்றி. இவை எல்லாவற்றையும் மாணவிக்குப் படித்துக்காட்டினேன். ரொட்டிக்காரர் கதை வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அவர் இப்போது கடை போடுகிறாரா?" என்று கேட்டாள். அக்கா, பதில் சொல்லுங்கள், காத்திருக்கிறாள்.

பழைய வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, தானே புதிதாக எழுதியிருக்கிறாள்: "கணினியின் நியூரான், மூளையின் நியூரானைப் பார்த்துப் போட்ட கணக்கு. மூளையின் நியூரான் சாப்பிடும்." இரண்டாம் வாக்கியம் முழுக்க அவளுடையது. நான் கை வைக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

டீச்சர், "கணக்கு" என்ற சொல் எனக்குச் சம்மதம். பூனையையும் எங்காவது வரையச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் இயன்மருத்துவர்:

காலையில் மட்டும் கடை போடுகிறார் என்று சொல்லுங்கள் டீச்சர். ரொட்டியை மகள் சுடுகிறாள், அவர் வீசிக்கொடுக்கிறார். கண்காட்சியன்று அந்த ஈரத்துண்டோடு நான் வருகிறேன். குழந்தைகள் இடக்கையால் வீசிப் பார்க்கட்டும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

அவசியம் வாருங்கள். அட்டையில் பூனைக்கு இடமில்லை. இன்னோர் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.