75 செ.மீ. மாடலை 300 மீட்டர் விண்கலமாகக் காட்ட வேண்டும், பொம்மை மாதிரியே தெரிகிறது. உதவுங்கள்

கடலோரத்தான் (கடலூர் புதுநகர்):

வணக்கம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அறிவியல் புனைகதைக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். கதையில் வரும் கலத்துக்கு 300 மீட்டர் நீளம். இருநூறு பேர் பல வருஷம் அதிலேயே வாழ்கிறார்கள். சன்போர்டு, பிவிசி குழாய், பழைய செட்டாப் பாக்ஸின் உள்பாகங்கள் எல்லாம் வைத்து 75 செ.மீ. நீளத்தில் மாடல் செய்தேன். மூன்று வாரம் பிடித்தது. நேரில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. போனில் எடுத்தால் பொம்மை. அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு "இத எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். மேலே வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட். சன்னல்களைப் பேப்பர் பஞ்சால் குத்தி, பேருந்து சன்னல் மாதிரி நீளவாக்கில் வரிசையாக வைத்தேன். உள்ளே எல்இடி ஸ்ட்ரிப், பின்னால் கறுப்புத் துணி, இரண்டு பக்கமும் ட்யூப் லைட். போன் ஒரு சாண் தூரத்தில். கலம் திரும்புகிற காட்சியில் நூலில் கட்டி 2 நொடியில் அரைச்சுற்று திருப்பினோம், விமானம் மாதிரி ஒரு பக்கம் சாய்த்தும் விட்டோம். தப்பு எங்கே இருக்கிறது? முழுதாக மறுபடி கட்ட நேரம் இல்லை.

சுப்பையா சாலை:

நொடிக்கு 240 ஃபிரேமில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். சின்ன மாடலுக்கு அதுதான் வழி.

புதுவை லென்ஸ்:

மேலே நண்பர் சொன்னது தண்ணீர், தீ, இடிந்து விழும் கட்டடம் போன்றவற்றுக்குப் பொருந்தும். அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஃபிரேம் வேகத்தைக் கூட்ட வேண்டும். உங்கள் மாடல் 400-இல் ஒரு பங்கு, ஆக 20 மடங்கு. ஆனால் அந்தக் கணக்கு புவியீர்ப்பில் விழுகிற பொருளுக்கானது. உங்கள் காட்சியில் எதுவும் விழவில்லை. கலத்தை நிதானமாக நகர்த்தினாலே போதும்.

முதல் பிரச்சினை சன்னல். பேப்பர் பஞ்ச் ஓட்டை 6 மி.மீ. அதை 400-ஆல் பெருக்குங்கள், 2.4 மீட்டர். உங்கள் கலத்தில் ஒரு ஆள் நின்றால் 4 மி.மீ. உயரம்தான் இருப்பார். ஆளை விடப் பெரிய சன்னல் ஒவ்வொன்றும்! பார்க்கிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை, ஆனால் கண் போட்டுவிடும். ஓட்டைகளை உள்பக்கமாகக் கறுப்பு சார்ட் ஒட்டி மூடிவிட்டு, அதில் குண்டூசியால் குத்துங்கள். 1 மி.மீ.க்குக் கீழே இருக்கட்டும். எல்லாச் சன்னலிலும் விளக்கு எரிய வேண்டாம், இங்கொன்றும் அங்கொன்றுமாக எரியட்டும். இருநூறு பேர் இருக்கிற இடத்தில் சிலர் தூங்குவார்கள்தானே.

அப்புறம், ஒரு சாண் தூரம் ரொம்பக் கிட்டே. அவ்வளவு நெருங்கினால் கலத்தின் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். அந்த மங்கல் இருந்தாலே சின்னப் பொருள் என்று கண் முடிவு செய்துவிடும். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கினால் இந்த மங்கல் குறையும், ஆனால் பெரும்பாலான போன்களில் அது முடியாது. அதனால் இரண்டு மீட்டர் பின்னால் போய், டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது) இருந்தால் அதில் எடுங்கள். 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் டிஸ்கவரி கலத்துக்கு 54 அடி நீள மாடலே செய்தார்கள். அதையும் துவாரத்தைச் சுருக்கி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நெடுநேரம் ஒளி கொடுத்துத்தான் எடுத்தார்கள். முன்னும் பின்னும் ஒரே தெளிவு வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு.

ட்யூப் லைட் இரண்டையும் அணையுங்கள். விண்வெளியில் ஒரே சூரியன், ஒளியைச் சிதறடிக்கக் காற்றும் இல்லை. தூரத்தில் ஒரே ஒரு சின்ன எல்இடி விளக்கு வையுங்கள், நிழல் கத்தி மாதிரி விழ வேண்டும். பக்கத்தில் கிரகம் இருப்பதாகக் காட்டினால் மட்டும் அந்தப் பக்கமிருந்து லேசான நிற ஒளி வரலாம். பளபளக்கும் வெள்ளியும் வேண்டாம், விளக்கின் பிம்பம் மேலே பெரிய பொட்டாக விழுந்து காட்டிக்கொடுக்கும். மேட் சாம்பல் அடித்து, சில பலகைகளுக்கு மட்டும் அரை சாயல் மாற்றுங்கள்.

நெல்லிக்குப்பம் இயற்பியல்:

தம்பி, நான் திரும்புகிற காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் மனசுக்குப் பிடித்த விஷயம் அது. விமானம் திரும்பும்போது சாய்வதற்குக் காரணம் இறக்கை. தூக்குவிசையைப் பக்கவாட்டில் சாய்த்தால்தான் அதனால் வளைந்து போக முடியும். காற்றே இல்லாத இடத்தில் சாய்ந்து பயன் இல்லை. கலம் மூக்கைத் திருப்பினாலும் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். திசை மாற வேண்டுமென்றால் திரும்பியபின் எஞ்சினை இயக்க வேண்டும். நிற்பதற்கும் அதே வழிதான். 1 ஜி முடுக்கத்தில், அதாவது பூமியில் கீழே விழும் பொருளுக்கு இருக்கும் முடுக்கத்தில், பத்து நிமிஷம் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 5.9 கி.மீ. வேகம் வரும். நிற்க, வாலை முன்னால் திருப்பி இன்னொரு பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்ட வேண்டும். இதைக் கதையில் காட்டினால் எவ்வளவு பதற்றம் கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் 2 நொடி. 300 மீட்டர் கலம் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பினால் மூக்கு 150 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அரைச்சுற்றை 2 நொடியில் முடித்தால் மூக்கில் இருப்பவரை வெளியே தள்ளும் விசை அவர் எடையைப் போல ஏறத்தாழ 38 மடங்கு. உள்ளே யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். 10 நொடியில் முடித்தால் ஒன்றரை மடங்கு. ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், மேசையில் இருக்கும் டம்ளர் மெல்ல நகரும், அவ்வளவுதான். ஒரு நிமிஷமும் திரையில் காட்ட வேண்டியதில்லை. ஆறேழு நொடி மட்டும் காட்டுங்கள், அதற்குள் கலம் இருபது பாகைதான் திரும்பியிருக்கும். அதைப் பார்க்கும்போதே எடை தெரிந்துவிடும்.

இன்னொன்று. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது உள்ளே இருப்பவர்களுக்கு எஞ்சின் பக்கம்தான் தரை. அப்படியானால் தளங்கள் மாடிக் கட்டடம் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்க வேண்டும், சன்னல் வரிசை நீளவாக்கில் போகாமல் குறுக்கே போக வேண்டும். தளத்துக்கு 3 மீட்டர் வைத்தால் உங்கள் மாடலில் 7.5 மி.மீ. இடைவெளி. எப்படியும் குண்டூசியால் புதிதாகக் குத்தப்போகிறீர்கள், இப்படிக் குத்திவிடுங்கள்.

முதுநகர்க்காரர்:

எனக்கு சினிமா தெரியாது. துறைமுகத்தில் வேலை பார்த்தவன். கடலூரில் அப்போதெல்லாம் பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், பார்ஜ் போய்ச் சரக்கு இறக்கி வரும். கரையிலிருந்து பார்த்தால் கப்பல் பெரிதாகவே தெரியாது. பார்ஜ் அதன் அடியில் போய் ஒட்டி, கட்டெறும்பு மாதிரி ஆகும்போதுதான் அம்மாடி என்று இருக்கும். கடலிலாவது தூரத்துக் கப்பல் மங்கலாகத் தெரியும், அதை வைத்துத் தூரத்தை எடை போடலாம். காற்று இல்லாத இடத்தில் அந்த மங்கலும் இருக்காது என்கிறீர்கள். அப்படியானால் பக்கத்தில் ஒரு படகை விடு தம்பி.

கடலோரத்தான்:

எல்லாருக்கும் நன்றி, மனசாரச் சொல்கிறேன். நேற்று ராத்திரி மொட்டைமாடியில் மறுபடி எடுத்தோம். மேட் சாம்பல் அடித்தாயிற்று. குண்டூசியால் குறுக்கு வரிசையாகக் குத்தியதில் 60 தளம் வரை வந்திருக்கிறது, விரல் நுனி இன்னும் வலிக்கிறது. முதுநகர் ஐயா சொன்னபடி தீக்குச்சியை 2.5 செ.மீ.க்கு வெட்டி, சாம்பல் அடித்து, மெல்லிய கம்பியில் கலத்தின் வயிற்றுப் பக்கம் நிறுத்தினோம். கணக்குப்படி அது பத்து மீட்டர் படகு. அதன் கறுப்பு நிழல் கலத்தின் மேல் விழுந்ததும் நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திருப்பம் மட்டும் இன்னும் நடுங்குகிறது, நூல் முறுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கலத்தை அசைக்காமல் வைத்து, அலுமினியச் சன்னல் சேனலில் போனை இழுத்துப் பார்க்கப் போகிறோம். வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். "அந்தக் குட்டிப் படகுல எத்தன பேரு போறாங்க?" என்றார்.

புதுவை லென்ஸ்:

போனை இழுப்பது சரியான வழி. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கும் மாடலை நிறுத்தி, கணினி கட்டுப்பாட்டில் கேமராவைத் தண்டவாளத்தில் ஓட்டித்தான் பல காட்சிகளை எடுத்தார்கள். சேனலில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள், தடங்காது. விளக்கு கலத்தோடு நிற்கட்டும், போனோடு சேர்ந்து நகரக் கூடாது.