பேராதனையில் பார்த்தது எங்கள் வளவிலேயே இருந்தது

போன பள்ளிக்கூட விடுமுறையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். ஆரையம்பதியில் இருந்து விடிய 2 மணிக்கே வேன் வெளிக்கிட்டது, மாமி புட்டும் மீன்பொரியலும் கட்டி எடுத்திருந்தார், மஹியங்கனை தாண்டி அந்த 18 வளைவில் ஏறும்போது சின்னவன் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துவிட்டான்.

147 ஏக்கர் நிலம், சுற்றி வளைந்து ஓடுகிற மகாவலி. ஒரே நாளில் முழுவதும் பார்க்க ஆசைப்படாதீர்கள். நாங்கள் ஓர்கிட் வீட்டையும் பூப்பாத்திகளையும் ஆறுதலாகப் பார்த்தோம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது, பூவுக்குள் லிங்கம் தெரிகிறதென்று மாமி அதன் முன்னால் கைகூப்பியபடி நின்றார்.

மகளுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. எக்சோராச் செடிகளில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக. உட்காராமல் சிறகை அடித்தபடியே தேன் குடிக்கிறது. அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், "அம்மா, இது எங்கட கறிவேப்பிலைக்கும் வாறதுதானே" என்றாள்.

உண்மைதான். வீட்டுக்கு வந்து மரத்தைப் பார்த்தால் இலைகளில் குருவி எச்சம் மாதிரிச் சின்னப் புழுக்கள், வளர்ந்தவை பச்சை நிறம். தொட்டால் தலைப்பக்கம் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு மணத்தை விடும். இத்தனை வருடமும் மாமியும் நானும் இவற்றைத்தான் நசுக்கி எறிந்துகொண்டிருந்தோம். எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு புழுவைக் கொப்போடு எடுத்துப் பழைய நுளம்புவலைத் துண்டால் மூடி வைத்தோம். கொஞ்ச நாளில் ஒரு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு கொப்பில் சாய்ந்து கூடாகிவிட்டன.

பதினோராம் நாள் காலை முதல் கூடு வெடித்தது. கறுப்பும் வெள்ளையும் வருமென்று காத்திருந்தால், வந்தது சிவப்புப் புள்ளிகளோடு! மாறி எடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அதே இனத்துப் பெண். ஈஸ்வரமூலி தின்று வளர்கிற சிவப்பு வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பில் நஞ்சு, அதனால் குருவிகள் தொடாது. அந்த நிறத்தை இந்தப் பெண் போட்டுக்கொண்டு தப்புகிறது. ஈரச் சிறகு காயும்வரை மகளின் விரலிலேயே இருந்தது. மாமி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, "விடு புள்ள, அது தானாப் பறக்கட்டும்" என்றார்.

அக்கரைப்பற்றிலிருந்து இன்னொருவரின் அனுபவம்:

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மணலில் நிற்கிற எருக்கலையை வெட்டச் சொல்லி உம்மா ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒரு முறை கத்தியோடு போன வாப்பா வெட்டாமல் திரும்பி வந்தார். இலை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழுக்கள். செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி வருமே, அதன் பிள்ளைகள். எருக்கலைப் பாலின் நஞ்சு அதற்கும் காவல். பூச்செடி மட்டும் வைத்தால் தேன் குடிக்க வந்துவிட்டுப் போய்விடும், முட்டையிட இந்த மாதிரிச் செடி வேண்டும். இப்போது மதிலோரம் இரண்டு எருக்கலையை விட்டு வைத்திருக்கிறோம், உம்மா அதற்குத் தண்ணீர்கூட ஊற்றுகிறார்.