லிஸ்பனில் நல்ல ஃபாடு (போர்த்துகலின் பாரம்பரியப் பாட்டு வகை) எங்கே கேட்கலாம்?

கேள்வி: ஃபாடு பாடகி அமாலியா ரோட்ரிகஸ் குரல்னா எனக்கு உயிர். 1999-ல அவங்க மறைஞ்ச பிறகு ஃபாடு வெறும் சுற்றுலாக் கச்சேரி ஆயிடுச்சா?

பதில் 1: இல்லவே இல்லைங்க. மரீசா, கார்மின்யோ மாதிரிப் பாடகிகள் எல்லாம் பெரிய அரங்குகளை நிரப்புறாங்க. ஆனா லிஸ்பனோட பழைய பகுதிகளான அல்ஃபாமா, மொராரியா சந்துகள்ல இருக்கிற சின்ன உணவகங்களுக்குப் போங்க. 'ஃபாடு வாடியு' நடக்கிற ராத்திரியில தொழில்முறைப் பாடகர் இல்லாதவங்களும் எழுந்து பாடுவாங்க. விளக்கை மங்கலாக்கினதும் பேச்சு நிக்கணும். மைக் இருக்காது, 12 கம்பி கித்தாராவோட ஒவ்வொரு மீட்டலும் தனியாக் கேட்கும். மேடைக் கச்சேரியைவிட எனக்கு இதுதான் ஒசத்தி.

பதில் 2: கோயிம்ப்ரா நகரத்தை விட்டுடாதீங்க. அங்கே கருப்பு மேலங்கி போட்ட பல்கலைக்கழக ஆண்கள் பாடுறதுதான் மரபு. கைதட்டுறதுக்குப் பதிலா தொண்டையைக் கனைப்பாங்க!

கேட்டவர்: ரொம்ப நன்றி. ரெண்டு ஊருக்கும் போறேன்.