ஃபெஸ் பழைய நகரம்: வழிகாட்டி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார், அவசரம்

கேட்டவர்: வணக்கம். மொராக்கோவில் காசாபிளாங்காவுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. நாளை அப்பா அம்மாவோடு ஃபெஸ் போகிறோம். சந்தைகள், தோல் பதனிடும் இடம், செம்புப் பட்டறை எல்லாம் ஒரே நாளில் காட்ட ஒருவரைப் பேசி வைத்திருந்தோம். வரமுடியாது என்று இப்போதுதான் செய்தி அனுப்பினார். சந்துகளில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

ரபாத்வாசி: முதலில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்தீர்களா? 90 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஒரே ஒரு முத்திரைக்காக நான் நான்கு முறை அலைந்தேன். ஊர் சுற்றுவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தான்ஜியர் தம்பி: வழிகாட்டியே வேண்டாம். நீல வாசலான பாப் பூஜ்லூத்தில் நுழைந்து தலா கபீரா தெருவைப் பிடித்து இறங்கிக்கொண்டே போங்கள். அது கரவிய்யீன் பள்ளிவாசல் பக்கம் கொண்டுபோய் விடும். நான் தனியாகவே சுற்றினேன்.

மெக்னெஸ் அக்கா: தம்பி, நீங்கள் தனியாகப் போனீர்கள், இவர் பெற்றோரோடு போகிறார். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே போன் வரைபடம் தடுமாறும். "பாலக், பாலக்" என்று குரல் கேட்டால் சுவரோரம் ஒதுங்க வேண்டும், பின்னால் சுமையோடு கழுதை வரும். வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

ரபாத்வாசி: வழிகாட்டி என்றால் கம்பளக் கடைதான். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள், பேசியே களைத்துப்போனோம். வந்த புதிதில் யாரை நம்புவது என்றே தெரியாது. கறிவேப்பிலை வேறு கிடைக்காது, வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை...

தான்ஜியர் தம்பி: முன்பணம் விஷயத்தில் எனக்கும் அதே கதைதான்.

ஃபெஸ்வாசி: நாளை வெள்ளிக்கிழமை என்பதை யாரும் கவனிக்கவில்லையே! தொழுகை நாள் என்பதால் சந்தையில் நிறையக் கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமைக்குத் தள்ள முடியுமா? அப்பாவால் எவ்வளவு நடக்க முடியும்? சைவமா?

கேட்டவர்: இரண்டு இரவு தங்குகிறோம், சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

ஃபெஸ்வாசி: சரி, கவலைப்படாதீர்கள். நாளை தங்குமிடத்தில் சேர்ந்ததும், அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தெருவில் தானாக வந்து ஒட்டிக்கொள்பவர் வேண்டாம். கூலியையும் நேரத்தையும் முன்பே பேசி, "கடை வேண்டாம், பட்டறை வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பூஜ்லூத்தில் தொடங்கினால் வழி முழுக்க இறக்கம்தான். அத்தாரின் மதரஸாவை விடாதீர்கள், 14ஆம் நூற்றாண்டின் ஓட்டுச் சில்லு வேலைப்பாட்டைச் சுவரில் கைக்கெட்டும் உயரத்திலேயே பார்க்கலாம். கரவிய்யீன் 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி நிறுவியது என்பார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். பக்கத்திலேயே செஃபாரின் சதுக்கம். நம் கல்யாண அண்டா அளவுக்கு ஒரு செம்புப் பாத்திரத்தை இரும்பு முளையில் கவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே தட்டுவார்கள். தட்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாக மின்னும். அப்பாவை அங்கே உட்காரவைத்து நிதானமாகப் பாருங்கள்.

ஷவாரா தோல் தொட்டிகளைக் கடை மாடிகளிலிருந்துதான் பார்க்க முடியும், படி ஏற வேண்டும். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்திருக்கும், நாற்றத்துக்குப் புதினாக் கொத்து தருவார்கள். அப்பா கீழேயே இருக்கட்டும், அம்மா ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

சாப்பாட்டுக்குப் பிஸாரா கேளுங்கள். காய்ந்த ஃபாவா பீன்ஸை மசித்த சூப், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத் தூளும். ஹரீரா என்ற சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

திரும்பி மேடேற வேண்டாம். கீழே ர்சீஃப் சதுக்கத்துக்கு வண்டி வரும். சிவப்பு டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏற்றுவார்கள். நீங்கள் மொத்தம் எத்தனை பேர்?

கேட்டவர்: நான்கு பேர். அப்படியானால் இரண்டு டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன். ரொம்ப நன்றி.